போகட்டும், ஆனால் திரும்பி வர ஒரு வழியும் இருக்கட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஏசுவதாக இருந்தாலும் முழுதாக வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போன வியாழக்கிழமை இடைவேளை நேரம் ஒரு வாப்பா என்னைத் தேடிப் பாடசாலைக்கு வந்தார். மாத்தளை டவுனில் ஓட்டோ ஓட்டுகிறவர். மகன் எங்களிடம் உயர் தரம் முதலாம் வருடம், வர்த்தகப் பிரிவு. இடது கையால் வேகமாகப் பந்து வீசுவான். உள்ளே வரும் பந்து ஒன்று வைத்திருக்கிறான். எங்கள் பையன்கள் யாராலும் அதை ஒழுங்காக அடிக்க முடிவதில்லை. கொழும்பில் ஒரு கழகத்தில் அவனைப் பயிற்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். சம்பளம் கிடையாது. தங்குமிடமும் சாப்பாடும் நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

"சேர், புள்ளைக்கு மனசு முழுக்க கிரவுண்ட்லதான் ஈக்கிது. ஏ லெவல விட்டுட்டு அனுப்பினா என்ன? ரிஸ்க் அல்லாஹ்ட கையிலதானே. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

நான் அன்று பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இந்தப் பதிவு அந்த யோசனைதான்.

அன்றைக்கே மஃரிபுக்குப் பிறகு வழமையான தேநீர்க் கடையில் வழமையான தர்க்கம். மதீஷ பத்திரனவின் விலை. "அவன்ட தலையெழுத்து மாறிட்டு" என்று ஒருவர். "நாட்டுக்கு ஒண்டும் செய்யல்ல, காசுக்குத்தான் போடுறான்" என்று இன்னொருவர். "தோனி இல்லாட்டி அவன் யாரு?" என்று மூன்றாமவர். நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் உறைத்தது: காலையில் ஒரு வாப்பா கேட்ட கேள்வியும் மாலையில் நாங்கள் கத்திய விடயமும் ஒன்றுதான். பாடசாலை மைதானத்திலிருந்து காசு கொடுக்கும் மைதானத்துக்குப் போகும் ஒரு பையனைப் பற்றித்தான் இரண்டு இடத்திலும் பேச்சு. வாப்பா பயத்தோடு கேட்டார். நாங்கள் விலையைப் பற்றிக் கத்தினோம்.

பத்திரன நமக்குத் தூரத்துப் பிள்ளை அல்ல. இங்கிருந்து 26 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் கண்டியில் பிறந்தவர், திரித்துவக் கல்லூரி மாணவர். 2020 ஜனவரியில் தென்னாபிரிக்காவில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் இந்தியாவுக்கு எதிராக அவர் போட்ட ஒரு பந்து மணிக்கு 175 கிலோமீற்றர் என்று திரையில் காட்டியது ஞாபகம் இருக்கிறதா? கருவியின் பிழை அது. ஆனால் அந்தப் படம் எத்தனை ஃபோன்களில் சுற்றியது! அப்போது அவருக்கு வயது 17. பிழையான ஒரு எண்ணை வைத்து நாங்கள் அந்தப் பிள்ளையை உலகத்தின் வேகமான பந்துவீச்சாளர் ஆக்கினோம்.

2022இல் அடம் மில்ன் காயப்பட்டதால் அவருக்குப் பதிலாகச் சென்னை அணி பத்திரனவை 20 இலட்சம் இந்திய ரூபாவுக்கு எடுத்தது. அந்த மே மாதம் 15ஆம் திகதி குஜராத்துக்கு எதிரான முதல் போட்டியில், முதல் பந்திலேயே சுப்மன் கில்லின் விக்கெட். அடுத்த வருடம் 12 போட்டிகளில் 19 விக்கெட்டுகள், சென்னைக்குக் கிண்ணம். பிறகு 13 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள். 2025 பருவத்தில் சென்னை அணி கடைசி இடத்துக்குப் போனது, அவரையும் விட்டுவிட்டார்கள். டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா 18 கோடிக்கு வாங்கியது.

நாங்கள் பேசுவது இந்தக் கதையைத்தான். ஆனால் நடுவில் இன்னொரு கதை இருக்கிறது. 2023 உலகக் கிண்ணம். டெல்லியில் தென்னாபிரிக்கா 428 ஓட்டங்கள் குவித்த அன்று அவர் 10 ஓவர்களில் 95 ஓட்டங்கள் கொடுத்தார். சில நாட்களில் தோள்பட்டைக் காயத்தோடு அணியை விட்டு வெளியேறினார். அந்த நாட்களில் நம் ஆட்கள் எழுதியவற்றை இங்கே திருப்பி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்போது அவருக்கு இன்னும் 21 வயதுகூட ஆகவில்லை. என்னிடம் உயர் தரம் படித்துவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை விட ஓரிரு வயது கூட, அவ்வளவுதான்.

அதே வருடம் மே மாதம் தோனி, இந்தப் பையன் டெஸ்ட் பக்கமே போகக்கூடாது, ஒருநாள் போட்டிகளையும் அளவாகத்தான் விளையாட வேண்டும் என்ற கருத்தில் பேசினார். நம் நாட்டில் பாதிப் பேருக்குக் கோபம். எங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்ல இவர் யார் என்று. மற்றப் பாதிக்கு அது வேதவாக்கு. அந்த இழுபறியில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: தோள் யாருடையது? அந்தத் தோள் 25 வயதில் நின்றுவிட்டால், சென்னையும் கொல்கத்தாவும் இலங்கை அணியும் வேறு ஒருவரை எடுத்துக்கொள்ளும். அந்தத் தோளோடு வாழப்போவது அவர் மட்டும்தான்.

பத்திரனவுக்காவது பரவாயில்லை. அவர் படித்த பாடசாலைக்குச் சொந்தமான அஸ்கிரிய மைதானத்தில் 1983 முதல் 2007 வரை டெஸ்ட் போட்டிகளே நடந்திருக்கின்றன. எங்கள் பையனைப் பாருங்கள். மழை பெய்தால் எங்கள் மைதானத்தில் பந்தை விட மாடுகள்தான் அதிகம். இரண்டு இடத்திலிருந்தும் கொழும்புக்குப் போகும் பஸ் ஒன்றுதான், ஆனால் திரும்பி வரும் வழி ஒன்றல்ல. அங்கே பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, கம்பனிகளில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டு சரிவராவிட்டால் ஒரு கதிரை கிடைக்கும். எங்கள் பையனுக்கு வாப்பாவின் ஓட்டோ இருக்கிறது, அதுவும் லீசிங்கில்.

இப்போது நம் மாவட்டத்தின் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

பிரபாத் ஜயசூரிய மாத்தளையில் பிறந்தவர். 2018 ஜூலை 29ஆம் திகதி தென்னாபிரிக்காவுக்கு எதிராகத் தன் முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டியை விளையாடினார். எங்கே? நம் மாவட்டத்திலேயே, தம்புள்ளையில். இரண்டே போட்டிகள், அதோடு பெயர் காணாமல் போனது. அப்போது அவருக்கு 26. நம் கடைத் தர்க்கத்தின்படி அவர் முடிந்த ஆள். நான்கு வருடம் யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. 2022 ஜூலையில் பிரவீன் ஜயவிக்ரமவுக்குக் கொரோனா வந்தது. அணியில் மாற்றம் செய்யும்போது இவர் காலிக்கு வந்தார். அவுஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் டெஸ்டில் 177 ஓட்டங்களுக்கு 12 விக்கெட்டுகள். முதல் மூன்று டெஸ்டுகளில் 29. அடுத்த ஏப்ரலில் அயர்லாந்துக்கு எதிராக, தன் 7ஆவது டெஸ்டிலேயே 50ஆவது விக்கெட். சுழற்பந்து வீச்சாளர்களில் அவ்வளவு வேகமாக அந்த இடத்துக்கு யாரும் வந்ததில்லை. முதல் டெஸ்ட் விளையாடும்போது அவருக்கு வயது 30.

ஒரு பக்கம் 19 வயதில் முதல் பந்தில் விக்கெட். மறுபக்கம் 30 வயதில் முதல் டெஸ்ட். இரண்டும் நடக்கும். ஆனால் 30 வரை ஒருவர் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் அதற்கு இடையில் சாப்பிட வேண்டும், குடும்பம் நடத்த வேண்டும், தன்னைத் தோற்றவன் என்று ஊர் சொல்லும்போது வெளியே தலை காட்ட வேண்டும். நம் பிள்ளைகளை 19ஐப் பார்த்து மட்டும் அனுப்புகிறோம். நடுவில் உள்ள அந்த 11 வருடத்துக்கு நம்மிடம் ஒரு ஏற்பாடும் இல்லை.

அமெரிக்காவில் ஒரு விளையாட்டு உண்டு. அவர்களும் அதை ஃபுட்போல் என்பார்கள், நம் உதைபந்தாட்டம் அல்ல. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி முட்டி மோதுவது. அதில் எதிரணிக்காரன் பந்தைப் பிடிக்காமல் கடைசி வரிசையில் நின்று தடுக்கும் பையன்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக அணியில் அப்படி ஒருவன் நன்றாக ஆடினால், இவன் தொழில்முறைக்குத் தாங்குவானா, எத்தனையாவது ஆளாக எடுபடுவான் என்று அங்குள்ள ரசிகர்கள் நம் கடைக்காரர்கள் மாதிரியே விடிய விடியப் பேசுவார்கள். ஆனால் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. உயர்நிலைப் பாடசாலையை விட்டு மூன்று வருடம் ஆகாமல் தொழில்முறை லீக்கில் யாரையும் எடுக்க முடியாது. அந்த மூன்று வருடத்தைப் பெரும்பாலானவர்கள் பல்கலைக்கழகத்தில் கழிக்கிறார்கள். தெரிவு நாள் வரும்போது அந்தப் பையனுக்கு 20, 21 வயது. கையில் கொஞ்சமாவது படிப்பு இருக்கும். அப்படியிருந்தும் தகுதி பெறும் நூறு பேரில் இரண்டு பேர்கூட உள்ளே போவதில்லை. அங்கேயும் பட்டம் முடிக்காமல் போகிறவர்கள் உண்டு, உடம்பை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அதைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. பாடசாலைக்கும் சந்தைக்கும் நடுவில் அவர்கள் ஒரு பாலமாவது வைத்திருக்கிறார்கள் என்கிறேன். நம்மிடம் இருப்பது கொழும்பு பஸ்.

அந்தச் சந்தையும் எப்படிப்பட்டது? நம் மாவட்டத்தின் ஊர்ப் பெயரைத் தாங்கி லங்கா பிரீமியர் லீக்கில் ஓர் அணி இருக்கிறது. 2020இல் தம்புள்ளை வைக்கிங், 2021இல் ஜயண்ட்ஸ், பிறகு ஓரா, 2024இல் தண்டர்ஸ், அதே வருடம் சிக்சர்ஸ். ஐந்து பருவங்களில் ஐந்து பெயர்கள். தண்டர்ஸ் ஒரு போட்டிகூட ஆடவில்லை. அதற்கு முன்பே, அந்த மே மாதம், ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் உரிமையாளர் கைதாகி, ஒப்பந்தம் ரத்தானது. பெரியவர்களே தடுமாறும் இந்த இடத்துக்குள் 18 வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்புகிறோம். யார் கை கொடுக்கிறார்கள், யார் ஏன் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

சரி, இப்போது என் சொந்தக் கணக்கு.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு இதே மாதிரி ஒரு பையன் என்னிடம் படித்தான். துடுப்பாட்டக்காரன். சாதாரண தரம் எழுதிய கையோடு கொழும்புக்குப் போகிறேன் என்றான். காலைக் கூட்டத்தில் அவனை மேடையில் நிறுத்தி மாலை போட்டோம். அன்று பேசியது நான். இந்தப் பாடசாலையின் பெயரை உலகம் கேட்கும் என்றெல்லாம் பேசினேன். கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. இரண்டாம் வருடம் முழங்கால் போனது. சத்திரசிகிச்சைக்கு அவன் உம்மாவின் கை வளையல் போனது. அவன் ஊருக்கு வந்து ஆறு மாதம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தேனா? இல்லை. மாலை போட்ட கைக்கு அவன் வீட்டுக் கதவைத் தட்டத் தெரியவில்லை. இப்போது கட்டாரில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் பெட்டி அடுக்குகிறான். ஹலாலான உழைப்பு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன வருடம் விடுமுறையில் வந்தபோது பள்ளிவாசல் வாசலில் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சேர், அண்டைக்கு ஒரு ஆள் சரி எக்ஸாம எழுதிட்டுப் போன்னு சொல்லிருக்கலாம்." அந்த ஒரு ஆள் நானாக இருந்திருக்க வேண்டும்.

அதனால்தான் அந்த ஓட்டோக்கார வாப்பாவுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு எதிராகச் சொல்லக்கூடியதும் தெரியும். "வாத்திமாருக்கு எப்பவும் பரீட்சைதான். வேகப்பந்து போடும் உடம்பு 18இல் இருந்து 28 வரைதான். காத்திருந்தால் வாய்ப்புப் போய்விடும். முரளி காத்திருந்தாரா?" நியாயமான கேள்வி. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் விளையாடி முடித்து நீண்ட காலம் ஆகும் முன்பே, 1992 ஆகஸ்டில், 20 வயதில் முரளிதரன் டெஸ்ட் விளையாடினார். வெஸ்லி கல்லூரியின் பர்வீஸ் மஹ்ரூப் 2004இல் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்குத் தலைவராக இருந்த அதே வருடம் ஹராரேயில் சிம்பாப்வேயை 35 ஓட்டங்களுக்குச் சுருட்டிய போட்டியில் 3 ஓட்டங்களுக்கு 3 விக்கெட் எடுத்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் இறங்கும்போது 19 வயது ஆக ஒரு நாள் இருந்தது. முதல் விக்கெட் அஞ்சலோ மெத்தியூஸ். 2024 மே மாதம் ஹைதராபாத் அணிக்காக ஐபிஎல் ஆடினார். அந்த இரவு எங்கள் வீட்டிலும் தொலைக்காட்சி அணையவில்லை.

ஆகவே போகாதே என்று நான் சொல்லவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பத்து வழி. இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சில நேரம் இந்தப் பந்து ஒன்றுதான் வழி. அதை மூட நான் யார்? ஆனால் வளைகுடாவுக்குப் போகும்போது ரிட்டர்ன் டிக்கெட்டைப் பற்றிக் கேட்கிறோமே, கொழும்புக்கு அனுப்பும்போது ஏன் கேட்பதில்லை? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ரிஸ்க் அல்லாஹ்வின் கையில்தான். கயிறு நம் கையில்.

அந்தக் கயிறு என்ன என்று யோசித்துப் பார்த்தேன்.

முதலாவது, பரீட்சை. பாடசாலைப் பரீட்சார்த்தியாக உயர் தரம் எழுத 80 வீத வரவு வேண்டும். அது முடியாவிட்டால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவை வாய்ப்பு இருக்கிறது. விளையாட்டில் தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதி ஏற்பாடும் உண்டு. ஆனால் உயர் தரத்தில் குறைந்தபட்சத் தகுதி இல்லாவிட்டால் அந்தக் கதவு திறக்காது. பரீட்சையை விட்டுவிட்டுப் போகும் பிள்ளை தன் விளையாட்டுக்கே கிடைக்கக்கூடிய சலுகையையும் விட்டுவிட்டுப் போகிறான்.

இரண்டாவது, தொழிலோடு விளையாட்டு. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் எல்லாவற்றுக்கும் கிரிக்கெட் அணிகள் இருக்கின்றன. அஜந்த மெண்டிஸ் இராணுவ அணியிலிருந்து வந்தவர். 2008 ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவின் 6 விக்கெட்டுகளை 13 ஓட்டங்களுக்கு எடுத்தபோதும் அவருக்கு மாதச் சம்பளம் தரும் ஒரு வேலை இருந்தது. அங்கெல்லாம் விண்ணப்பிக்கவும் பரீட்சைப் பெறுபேறு கேட்பார்கள்.

மூன்றாவது, நாங்கள். பழைய மாணவர்களே, வருடா வருடம் துடுப்பும் ஜெர்சியும் வாங்கிக் கொடுக்கிறீர்கள், ஜஸாக்கல்லாஹு ஹைரா. இந்த முறை ஜெர்சியில் பெயர் அடிக்கும் காசை வேறு இரண்டுக்குத் தாருங்கள். ஒன்று, வெளியூர் போகும் பிள்ளைக்கு ஒன்லைனில் பாடம் எடுக்க. மற்றது, காயப்பட்டால் பிசியோதெரபிக்கு. கொழும்பில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் யாராவது ஒருவர் அந்தப் பிள்ளையைக் கிழமைக்கு ஒரு தடவை சாப்பிடக் கூப்பிடுங்கள். ஒப்பந்தம் என்று ஒரு கடதாசி நீட்டினால் கையெழுத்துப் போடுமுன் வாசித்துச் சொல்ல ஒரு சட்டத்தரணி இருக்கட்டும். இதற்கெல்லாம் மேடையும் மாலையும் தேவையில்லை.

நான்காவது, நம் வாய். ஒரு பையனுக்கு 17 வயதில் பட்டம் சூட்டாமலும் 20 வயதில் மண் போடாமலும் இருக்க நம்மால் முடியாதா? ஒரு நாள் 95 ஓட்டம் கொடுத்தவனை ஏசுமுன், நம் வீட்டில் அதே வயதில் ஒரு பிள்ளை கணக்குப் பாடத்தில் சறுக்கியபோது நாம் என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்ப்போம். கடையில் பேசுவோம், விலையையும் பேசுவோம், அது ரசிகனின் உரிமை. ஆனால் பக்கத்து மேசையில் தேநீர் குடிக்கும் பையன் நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். தான் சறுக்கினால் இந்த ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்லும் என்பதை அங்கிருந்துதான் கற்றுக்கொள்கிறான். அந்த ஆறு மாதம் கதவை மூடிக்கொண்டு இருந்தவனும் அதைத்தான் கற்றிருந்தான்.

நேற்று அந்த வாப்பாவுக்குக் கோல் எடுத்தேன். மகனை அனுப்புங்கள், ஆனால் பாடசாலை விடுமுறையில் முதலில் ஒரு மாதம் அனுப்பிப் பாருங்கள் என்றேன். பரீட்சையை விட வேண்டாம். கணக்கீட்டை நானே ஃபோனில் சொல்லிக்கொடுக்கிறேன், மற்றப் பாடங்களுக்கு ஆசிரியர்களிடம் பேசுகிறேன் என்றேன். கழகத்தில் காயச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அவன் அங்க போய் சரி வரல்லண்டா, திரும்ப ஸ்கூலுக்கு எடுப்பீங்களா சேர்?"

எடுப்போம் என்றேன். அதிபரிடம் இன்னும் கேட்கவில்லை. நாளைக் காலை முதல் வேலை அதுதான்.

துஆ செய்யுங்கள், பையனுக்கும் எனக்கும். கொழும்பில் கொள்ளுப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் குறைந்த வாடகைக்கு ஒரு அறை தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.